லைமன் ட்ராஸ்க் அட்டை தூக்கிய நாள்

பத்தொன்பது ஆண்டுகளாக ஆஷ்கோட் பள்ளி மாவட்டத்தின் எழுத்தர் நான். மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூடத்து விளையாட்டு அரங்கில் ஊர் கூடி, அடுத்த ஆண்டு பட்ஜெட்டுக்கு வாக்களிக்கும். மேடையில் ஒரு சின்ன மேசை போட்டு உட்கார்ந்து நடந்ததை எல்லாம் எழுதுவது என் வேலை. ஆட்கள் கத்துவார்கள், அழுவார்கள், அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை அறுந்து போகும். நான் "விவாதம் நடைபெற்றது" என்று எழுதுவேன். அந்த இரண்டு சொல்லுக்குள் இந்த ஊரின் அற்பத்தனத்தை எவ்வளவு அமுக்கி வைத்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். இந்த ஆண்டு கூட்டத்துக்கும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் மனசு ஆறவில்லை, அதனால் மிச்சத்தை இங்கே சொல்கிறேன்.

எங்கள் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் பள்ளிக்குப் பணம் வருகிற வழியைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். மாநில அரசு ஒரு சிட்டிகை கிள்ளிப் போடும். மிச்சம் முக்கால்வாசி, ஊரில் வீடும் நிலமும் வைத்திருப்பவர்கள் தலையில். உனக்கு வருமானம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை, கூரை இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். பள்ளி வாரியத்து ஐந்து பேர் குளிர்காலம் முழுக்கக் கூடிக் கூடிப் பேசி ஒரு தொகையைக் கொண்டு வருவார்கள். ஊர் அதை ஏற்கலாம், இல்லை வெட்டலாம். எந்தச் செலவை வெட்டுவது என்று ஊர் சொல்ல முடியாது, மொத்தத்தைத்தான் குறைக்க முடியும். எதை எடுப்பது என்பது அப்புறம் வாரியத்தின் பாடு. வெட்டுகிறவன் கையில் கறை படாமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

இந்த ஆண்டுத் தொகை முப்பத்தொரு லட்சம் டாலர். அதில் இரண்டு லட்சத்தை வெட்டப் போவதாக லைமன் ட்ராஸ்க் கிறிஸ்துமஸிலிருந்தே சொல்லிக்கொண்டு திரிந்தான். லைமனுக்கு ஊருக்கு வடக்கே ஜல்லிக் குவாரி இருக்கிறது. அவனுடைய நான்கு பிள்ளைகளும் இதே பள்ளியில், ஊரார் வரிப்பணத்தில் படித்தவர்கள். கடைசிப் பையன் எட்டாம் வகுப்பு முடித்த மறுவாரமே லைமனுக்கு வரிச்சுமை என்றால் என்ன என்று ஞானம் பிறந்துவிட்டது. மற்றபடி பள்ளி வண்டிப் பாதைக்கு ஜல்லி விற்றுக் காசு வாங்குவதில் அவனுக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

வாரியம் என்ன சொன்னது என்றால், இரண்டு லட்சம் போனால் முதலில் போவது நர்ஸ். வாரத்துக்கு ஐந்து நாள் இருக்கிற மிஸஸ் க்விம்பி, பக்கத்து ஊரோடு பங்கு போட்டு இரண்டு நாள்தான் வருவார்.

பெரும்பாலானவர்களுக்கு இது ஒரு தகவல். ஷானா பெலான்ஜேவுக்கு இது பிழைப்பு. அவள் மகள் மேஸிக்கு ஏழு வயது, சர்க்கரை நோய், பிறந்து நான்காவது வருஷத்திலேயே வந்தது. காலையில் ஒருமுறை, மதியம் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை விரலைக் குத்திப் பார்த்து, கணக்குப் போட்டு ஊசி போட வேண்டும். சில நாள் திடீரென்று சர்க்கரை இறங்கிக் குழந்தை துவண்டு விழும். ஷானா நாற்பது நிமிடத் தொலைவில் ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கிற பிரிவில் வேலை பார்க்கிறாள். புருஷன் விட்டுப் போனவன், இருக்கிற இடம் தெரியாது. நர்ஸ் இல்லாத நாளில் யார் ஊசி போடுவது?

கூட்டத்தன்று அவள் காலையிலேயே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். சனிக்கிழமைகளில் மட்டும் அவளுக்கு மதியம் இரண்டு மணிக்கு வேலை என்பதால் நீலச் சீருடையோடு வந்திருந்தாள். நூற்று அறுபத்து நான்கு பேர் வந்திருந்தார்கள். வாசலில் பெயரைச் சரிபார்த்து வாக்களிக்க ஆளுக்கொரு மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். கூடவே கூட்டத்தை நடத்துகிற நடுவர் க்ளேடன் மட்ஜெட் தானே தட்டச்சு செய்த விதிமுறைத் தாள் ஒன்றும் கொடுத்தார்கள். முக்கால்வாசிப் பேர் அதைக் காபிக் கோப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள்.

வாரியத் தலைவி பெவர்லி ஸ்டோவர் நாற்பது நிமிடம் திரையில் படம் காட்டினாள். பெவர்லியைப் பற்றி நான் நியாயமாகப் பேச முடியாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு என் குறிப்பேட்டைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பியவள். மாநில அதிகாரிகள் வந்தபோது என் தோளைத் தட்டி, "இவங்க நம்ம டைப்பிஸ்ட்" என்று அறிமுகம் செய்தவள். ஊரே தேர்ந்தெடுத்த எழுத்தரை! அதை நான் மறக்கவில்லை.

லைமன் எழுந்து தன் திருத்தத்தை முன்வைத்தான். "ரெண்டு லட்சம் குறைக்கணும். அவ்வளவுதான். நான் யாருக்கும் எதிரி இல்ல. பிள்ளைங்க எண்ணிக்கை குறையுது, செலவு மட்டும் ஏறுது. இது எந்த ஊர் நியாயம்?"

ஷானா கையை உயர்த்தினாள். ஒலிவாங்கியை எப்படிப் பிடிப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. "எனக்குப் பேசத் தெரியாது. என் பொண்ணுக்கு மத்தியானம் ஊசி போடணும். நர்ஸம்மா இல்லன்னா நான் வேலைய விடணும். வேலைய விட்டா இன்சூரன்ஸ் போயிடும். அது போனா மருந்து வாங்க வழி இல்ல. அவ்வளவுதாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

லைமன் சும்மா இருந்திருக்கலாம். "எங்கம்மா ஏழு புள்ளைங்கள நர்ஸு கிர்ஸு எதுவும் இல்லாமத்தான் வளத்தா" என்றான். அவன் ஆட்கள் சிரித்தார்கள். அந்த ஏழில் இரண்டு, பத்து வயது தாண்டாமல் தேவாலயத்துக்குப் பின்னால் படுத்திருக்கின்றன. கல்லில் பெயர் இருக்கிறது. அரங்கில் இருந்த கிழடுகள் அத்தனை பேருக்கும் அது தெரியும். ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே! நான் "விவாதம் நடைபெற்றது" என்று எழுதினேன்.

திருத்தம் தோற்றது. எழுபத்து மூன்று, தொண்ணூற்று ஒன்று. அடுத்து முழு பட்ஜெட்டுக்கு வாக்கு. ஏற்கிறவர்கள் அட்டை தூக்குங்கள் என்றார் க்ளேடன்.

மேடையிலிருந்து பார்த்தால் அரங்கு முழுக்கத் தெரியும். கடைசி வரிசையில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே, லைமன் ட்ராஸ்க் மஞ்சள் அட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தான். ஏற்கிறேன் என்று.

அவன் தன் வாழ்நாளில் எதையும் ஏற்றவன் அல்ல. நூலகத்துக்குப் புது விளக்கு போட்டபோதுகூட எதிர்த்தவன். பெவர்லி அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளைக் கட்டிக்கொண்டாள். "பாத்தியா, லைமனே மனசு மாறிட்டான்!" என்று மேடை வரை கேட்கும்படி சொன்னாள். படித்தவள்தான், பாஸ்டனில் பட்டம் வாங்கியவள்தான்.

பட்ஜெட் நிறைவேறியது. ஆனால் அவன் மனசு மாறவில்லை. அந்த விதிமுறைத் தாளில் ஏழாவது விதி இருக்கிறது. ஊர் ஒரு முடிவை எடுத்த பிறகும், கூட்டம் கலைகிறவரை, அதே முடிவை மறுபடி எடுத்துப் பேசலாம். ஆனால் அப்படிக் கேட்கிற உரிமை ஜெயித்த பக்கம் வாக்களித்தவருக்கு மட்டும். தோற்றவன் கேட்க முடியாது. ஆகவே தோற்கப் போகிறோம் என்று தெரிந்தவன், ஜெயிக்கிற பக்கம் கை தூக்கி வைத்துக்கொள்வான். பிறகு கூட்டம் மெலிகிறவரை காத்திருப்பான்.

இதற்கு மருந்தும் அதே தாளில் இருந்தது. முடிவு எடுத்த கையோடு யாராவது எழுந்து, "இதை இன்றைக்கு மறுபடி எடுக்கக் கூடாது என்று தீர்மானம் போடுகிறேன்" என்று சொன்னால் போதும். அரை நிமிட வேலை. சபை ஆமென்று சொல்லிவிட்டால் அன்றைக்குக் கதவு சாத்தியாகிவிடும். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த வேலையை ரூயல் ஹாப்ஸ் செய்துவந்தார். ஓய்வு பெற்ற தபால்காரர். ஒவ்வொரு வாக்குக்குப் பிறகும் யாரும் கேட்காமலே எழுவார், முணுமுணுப்பார், உட்காருவார். அவர் என்ன சொல்கிறார் என்று யாரும் காது கொடுத்ததில்லை. இந்த ஜனவரியில் பனியில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்து ரூயல் மருத்துவமனையில் கிடந்தார். அவர் இடம் காலி. அங்கிருந்து ஒருவரும் எழவில்லை. நூற்று அறுபத்து மூன்று பேரில் ஒருவருக்கும் ஏதோ குறைகிறதே என்று தோன்றவில்லை. ரூயல் என்பது ஒரு மனிதர் செய்கிற வேலை என்றே அவர்களுக்குத் தெரியாது, கூட்டத்தின் ஓசைகளில் ஒன்று என்று நினைத்திருந்தார்கள்.

நூற்று அறுபத்து மூன்று என்று சொன்னேன். ஒருத்திக்குத் தோன்றியது.

எழுத்தருக்கும் வாக்கு உண்டு. எழுந்து தீர்மானம் போடவும் உரிமை உண்டு. நடுவருக்கு அது கூடாது, க்ளேடன் வேண்டுமென்றே கூரையைப் பார்த்துக்கொண்டு, யாராவது கேட்கட்டும் என்று நீளமாக ஒரு மூச்சு விட்டார். என் பக்கம்கூடத் திரும்பினார். பத்தொன்பது ஆண்டுகளில் நான் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை, அது எனக்கு ஒரு பெருமை. ஆனால் காரணம் அது இல்லை. கீழே பெவர்லி ஒவ்வொருவரையாகக் கட்டித் தழுவிக்கொண்டிருந்தாள். டைப்பிஸ்ட் ஏன் வாயைத் திறக்க வேண்டும், பட்டம் வாங்கியவள் விதியைப் படிக்கட்டுமே என்று நினைத்தேன். ஒரு நொடிதான். அந்த நொடி இனிப்பாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

க்ளேடன் சுத்தியலைத் தட்டி மதிய உணவுக்கு இடைவேளை விட்டார்.

பக்கத்து உணவுக் கூடத்தில் எட்டாம் வகுப்புப் பெற்றோர் பன்றித் தொடையும் வேகவைத்த பீன்ஸும் ஆப்பிள் பை என்கிற பலகாரமும் விற்றார்கள், பிள்ளைகளின் சுற்றுலாவுக்காக. லைமனின் ஆட்கள் அங்கே வரவில்லை. ஆறு டாலர் பள்ளிக்குப் போய்விடுமே! லாரிக்குள் உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைத் தின்றார்கள். மற்றவர்கள் தின்றுவிட்டுக் கிளம்பத் தொடங்கினார்கள். அந்த ஆண்டில் முதல் வெயில் நாள் அது. மேப்பிள் மரங்களில் சாறு ஓடத் தொடங்கியிருந்தது. அந்தச் சாற்றைப் பாகாகக் காய்ச்சி விற்கிற குடும்பங்கள் எல்லாம் பள்ளிக்கு ஆதரவானவை, எல்லாவற்றுக்கும் சின்னப் பிள்ளைகள் இருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக வண்டியை எடுத்தார்கள். இன்னும் நான்கு அற்பத் தீர்மானங்கள்தானே பாக்கி, பனி தள்ளுகிற வண்டிக்குப் பணம் ஒதுக்குவதற்கு நாம் எதற்கு என்று போனார்கள். வெற்றி பெற்றவர்களுக்கு உட்கார்ந்திருக்கப் பொறுமை கிடையாது.

நான் தட்டோடு ஒரு மூலையில் இருந்தேன். ஷானா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஆப்பிள் பை வாங்கியிருந்தாள், பாதியை என் தட்டில் வைத்தாள்.

"என்னால இன்னும் நம்ப முடியல வெர்னா."

"சாப்பிடு."

"ரெண்டு மணிக்கு வேலை. இப்பவே கிளம்பினாத்தான் சரியா இருக்கும். போன மாசம் ரெண்டு தடவ லேட்டு, மேனேஜர் கறாரா சொல்லிட்டாரு. ஆனா இங்க ஏதாவது பாக்கி இருந்தா இருந்துடறேன். வேலை போனாலும் போகட்டும்னு நினைச்சுத்தான் வந்தேன். நீங்கதான் எழுதறீங்க, உங்களுக்குத் தெரியும். முடிஞ்சிடுச்சா?"

அப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. எழுந்து அரங்குக்குள் போய் இடைவேளை முடிந்ததும் அந்த அரை நிமிடத் தீர்மானத்தை நானே போட்டிருக்கலாம். அவளிடம் சொல்லியிருந்தால் அவளே போட்டிருப்பாள். கார் நிறுத்துமிடத்தில் நின்று நாலு பேரைத் தடுத்திருப்பாள். ஆனால் சொல்ல வேண்டுமானால், காலையில் ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்பாள். லைமன் ஒருவேளை துணிய மாட்டான் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"வோட்டு முடிஞ்சிடுச்சு. நீ கிளம்பு" என்றேன்.

அவள் குனிந்து என் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு ஓடினாள்.

ஒன்றரை மணிக்கு மறுபடி கூடியபோது எண்ணிப் பார்த்தேன், எழுபத்து நான்கு பேர். லாரிகளில் இருந்தவர்கள் ஒருவர் விடாமல் உள்ளே வந்து பின்வரிசைகளை நிரப்பியிருந்தார்கள். க்ளேடன் பனி வண்டித் தீர்மானத்தைப் படிக்க வாயைத் திறந்தார்.

"நடுவர் ஐயா" என்று எழுந்தான் லைமன். "பட்ஜெட் தீர்மானத்துல நான் ஜெயிச்ச பக்கம் வோட்டு போட்டேன். எழுத்தரம்மா மேல இருந்து பாத்தாங்க, கேட்டுக்கங்க. அத மறுபடி எடுக்கணும்னு கேக்கறேன்."

பெவர்லி முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காலையிலிருந்து அதைப் பார்க்கத்தான் காத்திருந்தேன். பார்த்தேன். ஒரு துளிகூட இனிக்கவில்லை.

"இது அயோக்கியத்தனம்!" என்று கத்தினாள் அவள். "நீ ஆமாம்னு கை தூக்கினியே!"

"தூக்கினேன். அதனாலதான் கேக்கறேன். தாளப் படிம்மா. பட்டதாரி இல்ல நீ?" என்றான் லைமன். "ஏழாவது விதி."

க்ளேடன் என் பக்கம் திரும்பி, அவன் சொல்வது உண்மையா என்று கேட்டார். பத்தொன்பது ஆண்டுகளில் கூட்டத்தில் நான் பேசிய முதல் வார்த்தை, "உண்மைதான்."

பிறகு எழுந்து நின்று, இது ஊருக்குச் செய்கிற துரோகம், காலையில் நூற்று அறுபத்து நான்கு பேர் எடுத்த முடிவை எழுபத்து நான்கு பேர் கவிழ்க்கக் கூடாது என்றெல்லாம் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவன், "அட, மேசைக்கு வாய் முளைச்சிருச்சுடா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பெவர்லியும் இரண்டு ஆசிரியைகளும் வாசலுக்கு ஓடித் தொலைபேசியில் ஆட்களைக் கூப்பிட்டார்கள். சாறு காய்ச்சுகிற கொட்டகைகள் பள்ளத்தாக்குக்குள் இருக்கின்றன, அங்கே சிக்னல் கிடையாது. நான் முதியோர் இல்லத்துக்குக் கூப்பிட்டேன். வேலை நேரத்தில் ஊழியர்களைத் தொலைபேசிக்கு அழைப்பதில்லை என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள்.

மறுபடி எடுப்பதற்கு நாற்பத்தொன்று, வேண்டாம் என்பதற்கு முப்பத்து மூன்று. இரண்டு லட்சத்தைக் குறைக்கிற திருத்தமும், குறைத்த பட்ஜெட்டும் அதே எண்ணிக்கையில் நிறைவேறின. ஏழு நிமிடம் ஆனது. முடிந்த அடுத்த விநாடி லைமன் உட்காராமலே, "இத இன்னிக்கு மறுபடி எடுக்கக் கூடாதுன்னு தீர்மானம் போடறேன்" என்றான். ஆமாம் ஆமாம் என்று அவன் ஆட்கள் சொன்னார்கள். ரூயல் ஹாப்ஸ் சொன்ன அதே வாசகம்தான், இவன் மட்டும் கணீரென்று சொன்னான். அவன் மேல் எனக்கு இருக்கிற அருவருப்பு கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அந்த அரங்கில் இருந்தவர்களில் தாளைப் படித்துவிட்டு வந்து, தனக்கு வேண்டியதற்காக எழுந்து நின்றவன் அவன் ஒருவன்தான்.

ஷானா புதன்கிழமை வந்தாள். குறிப்பேட்டை யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம், பள்ளி அலுவலகத்தில் என் மேசையில் வைத்திருப்பேன். நின்றபடியே படித்தாள். அதே நீலச் சீருடை. இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்துக் கேட்டாள்.

"காலைல வோட்டு முடிஞ்சதும் இத யாராவது தடுத்திருக்கலாமா?"

"தடுத்திருக்கலாம்."

"யாரு?"

"அட்டை வெச்சிருந்த யாரு வேணும்னாலும்."

"நீங்களும் அட்டை வெச்சிருந்தீங்க."

"ஆமா."

"அவன் ஆமான்னு தூக்கினத நீங்க பாத்தீங்கன்னு இங்க எழுதியிருக்கு. எதுக்குத் தூக்கறான்னு அப்பவே புரிஞ்சதா?"

பொய் சொல்லியிருக்கலாம். குறிப்பேடு திறந்து கிடந்தது. "புரிஞ்சது" என்றேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, செப்டம்பரிலிருந்து இரவு வேலைக்கு மாற்றிக் கேட்டிருப்பதாகச் சொன்னாள். நர்ஸ் வராத மூன்று நாளும் பள்ளி கார் நிறுத்துமிடத்தில் காரிலேயே இருப்பாளாம், காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை உள்ளே வந்து ஊசி போடுவாளாம். நடுவில் காரிலேயே தூங்கிக்கொள்ளலாம் என்றாள். ஜனவரியில் இங்கே பூஜ்யத்துக்குக் கீழே இருபது போகும். அதை அவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் அதுவரை நினைத்துக்கூடப் பார்க்காத ஒன்றைச் சொன்னேன். "ஷானா, எனக்குப் பகல்ல ஒரு வேலையும் இல்ல. வீடும் ரெண்டு தெரு தள்ளித்தான். மிஸஸ் க்விம்பிகிட்ட நான் ஊசி போடக் கத்துக்கறேன். மூணு நாளும் நான் வரேன். பெத்தவங்க எழுதிக் கொடுத்தா போதும்னு விதி இருக்கு. நீ பகல் வேலைக்கே போ."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை அந்த முகத்தில், கடையில் ஒரு பொருளை எடுத்துப் பார்த்துத் திரும்ப வைப்பவள் போல இருந்தாள்.

"வேண்டாம் வெர்னா" என்றாள். "நீங்க மறந்துடுவீங்கன்னு எனக்குப் பயம் இல்ல. அவ மயங்கி விழப் போறான்னா உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் உக்காந்திருப்பீங்க."

குறிப்பேட்டை மூடி என் பக்கமாகத் தள்ளிவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று எழுந்து போனாள்.